நிழற்குடைக்குள் பத்தொன்பது சைக்கிள்கள்

நெய்வேலியில் எங்களை இறக்கிவிட்ட பஸ் ரோட்டோரமாக நிற்கவில்லை, ரோட்டிலேயே நின்றது. "எறங்கு, எறங்கு" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். பெட்டியோடு நான் முதலில் இறங்கினேன். பின்னால் யாழினி குதித்தாள். அவள் கால் தார்ச்சாலையில் பட்ட நேரத்தில் பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சைக்கிள் புகுந்தது. அதன் ஹேண்டில்பார் அவளுடைய முதுகுப்பை வாரில் மாட்டிக்கொண்டு, நாலடி தூரம் இழுத்துப் போய் விட்டது.

"ஓரமா நிக்கத் தெரியாதா?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்திவிட்டுப் போனார் ஓட்டியவர். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு சைக்கிள், இரண்டு மோட்டார் சைக்கிள். எல்லாம் பஸ்ஸின் இடது பக்கமாகவே வந்தன.

யாழினிக்கு ஏழு வயது. முழங்காலில் சிராய்ப்பு, லேசாக ரத்தம். அவள் அழவில்லை. "அம்மா, அந்த அங்கிளுக்கு ஏன் கோபம்?" என்று மட்டும் கேட்டாள். அழுதது நான்தான்.

"ரெண்டு மணி ஷிஃப்டு நேரம்மா இது. இப்ப எவனும் பிரேக் புடிக்க மாட்டான். நடு ரோட்ல ஏன் நின்னுகினு இருக்கீங்க? இப்டி வாங்க" என்றது ஒரு குரல். நிழற்குடையின் வாசலில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு ஒரு பெண் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போக எனக்கு ஆசைதான், இடம்தான் இல்லை. நிழற்குடைக்குள் முழுக்க சைக்கிள்கள். பயணிகள் உட்காரக் கட்டிய சிமெண்ட் பெஞ்சின்மேல்கூட இரண்டு சாய்ந்திருந்தன. மனிதர்கள் எல்லாரும் வெளியே வெயிலில், தார் ரோட்டில் நின்றார்கள். போண்டாக்காரப் பெண் சொம்புத் தண்ணீரால் யாழினியின் முழங்காலைக் கழுவிவிட்டார். அவள் வலியை மறக்கவோ என்னவோ, சைக்கிள்களை எண்ணினாள். பத்தொன்பது.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விலை சரிந்த வருடம் அது. மஸ்கட்டில் என் கணவரின் கம்பெனி ஆட்களை வைத்துக்கொண்டது, ஆனால் அவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்திருந்த வீடுகளைத் திரும்பக் கேட்டது. ஒன்று, நாங்கள் மூவரும் வேறொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் ஒரு அறையில் இருக்க வேண்டும். அல்லது நானும் யாழினியும் நெய்வேலிக்கு வந்து, அவருடைய அக்காவின் குவார்ட்டர்ஸில் இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. யாழினிக்கு நெய்வேலியிலேயே பள்ளியில் இடம். "மூணு வாரம் இருந்து பாரு. சரிப்படலைன்னா வந்துடு" என்று திரும்பும் டிக்கெட்டும் எடுத்துத் தந்திருந்தார் அவர்.

சரிப்படுமா என்ற கேள்வி, இறங்கிய நிமிடமே ஒரே ஒரு ரோட்டைக் கடப்பதில் வந்து நின்றுவிட்டது. சின்ன வகுப்புகள் ஒன்றரைக்கு முடியும். பள்ளி பஸ் இதே நிறுத்தத்தில் ஒன்றே முக்காலுக்கு இறக்கிவிடும். வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். நான் விருத்தாசலத்திலிருந்து வர நாலரை ஆகிவிடும். என் கணவரின் அக்கா செல்வராணி, நான் மதினி என்று கூப்பிடுவேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கணவருக்கு சுரங்கத்தில் வேலை. இருவருக்கும் ஷிஃப்ட். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா யாழினியை வீட்டில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், ஆனால் கைக்குழந்தையை விட்டுவிட்டு ரோட்டுக்கு வர அவரால் முடியாது. ஆக, யாழினி தனியாக இறங்கித் தனியாகக் கடக்க வேண்டும்.

மதினி வீட்டில் பலாச்சுளை தட்டு நிறைய இருந்தது. ஜூன் மாதம், பண்ருட்டிப் பழம். மஸ்கட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் ஆறு சுளை வாங்கியே பழகிய யாழினி, முழுப் பழத்தைப் பார்த்து "இதுக்கு ஏன் இவ்வளவு முள்ளு?" என்று கேட்டுக்கொண்டே தின்றாள். முழங்காலைப் பார்த்த மதினி மருந்து போட்டார். நான் நடந்ததைச் சொல்லி, இந்த ஊர் வேண்டாம் போலிருக்கிறது என்றேன்.

"ஒரு சிராய்ப்புக்கா? எந்தம்பி இங்க வளந்தப்ப வாரத்துக்கு ரெண்டு சிராய்ப்பு வரும், வித்யா."

"சிராய்ப்போட போச்சுன்னு நினைக்கிறீங்களா மதினி?"

அவர் மருந்துப் பாட்டிலை மூடினார். ஆஸ்பத்திரியில் அந்த ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர்தான்.

நியாயமாகச் சொன்னால் நெய்வேலி அழகான ஊர். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், ரவுண்டானாக்கள். தெருக்களுக்குப் பதிலாக பிளாக் எண்கள். மஸ்கட்டிலும் ரவுண்டானாக்கள் உண்டு. அங்கே வெள்ளைக்கோட்டில் கால் வைத்தால் எவ்வளவு பெரிய காரும் நிற்கும். ஆனால் கால் வைக்கத்தான் ஆள் கிடையாது. வீட்டு வாசலில் கார் ஏறி, கடை வாசலில் இறங்குவோம். ஏழு வருடத்தில் யாழினி ஒரு ரோட்டையும் நடந்து கடந்ததில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த ஊர் அவளைப் பத்திரமாக வைத்திருந்ததா, இல்லை எதையும் கற்றுக்கொள்ளவிடாமல் வைத்திருந்ததா? இப்படி யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு முடிவே கிடையாது.

மூன்றாம் நாளிலிருந்து யாழினி பள்ளிக்குப் போனாள். நான் தினமும் காலையில் அவளை ஏற்றிவிட்டு, மத்தியானம் ஒன்றரைக்கே மறுபடி நிறுத்தத்துக்குப் போய்விடுவேன். போண்டாக்காரப் பெண்ணின் பெயர் அஞ்சலை. காலையில் கூழும் மோர்மிளகாயும், மத்தியானம் போண்டா. எனக்குக் கூழ் புதிது. முதல் சொம்பை மரியாதைக்குக் குடித்தேன், மூன்றாம் நாள் கேட்டு வாங்கினேன்.

"இவ்ளோ சைக்கிள் யாருதுங்க?" என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட்டு ஆளுங்களுதும்மா. காலைல அஞ்சரைக்கு ஊர்லேந்து வந்து இங்க போட்டுட்டு, வேன்ல மைன்ஸ் போவாங்க. ரெண்டே காலுக்கு வேன் திரும்பும். பெர்மனெண்ட்டு ஆளுங்களுக்கு உள்ள ஷெட்டு இருக்கு. இவுங்களுக்கு ஏது?"

"அதுக்குன்னு ஆளுங்க நிக்கிற எடத்துல..."

"வெயில்ல போட்டா டயர் வெடிக்கும். வேற எங்கனா போட்டா தூக்கிகினு பூடுவானுங்க. இங்கன்னா நான் பாத்துக்குவேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "ஆளுங்களுக்கு இன்னாம்மா, ஆளுங்களை யாரும் தூக்கிகினு போவ மாட்டானுங்க."

அங்கே தினமும் நடந்தது இதுதான். நிழற்குடையில் சைக்கிள் இருப்பதால் மக்கள் ரோட்டில் நிற்பார்கள். மக்கள் ரோட்டில் நிற்பதால் பஸ் இன்னும் நடுவில் நிற்கும். பஸ் நடுவில் நிற்பதால் அதன் இடது பக்கம் ஒரு சந்து உண்டாகும். ஷிஃப்டுக்குப் பிந்தினால் அரை நாள் போய்விடும் என்று பறக்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தச் சந்தில் நுழைவார்கள். பஸ்ஸின் படியும் அதே சந்தில்தான். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் என் மகள் அந்தப் படியில்தான் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு மணிக்குச் சுரங்கத்தின் சங்கு ஊதியதும் ரோடு சட்டென்று காலியாகிவிடும். உள்ளே போகிறவர்கள் போய்விட்டார்கள், வெளியே வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு நாய்கூடப் படுத்துப் புரளலாம். ஆக, கடப்பது பெரிய காரியமில்லை. இறங்கி, அந்தச் சங்கு வரைக்கும் நிற்க ஓர் இடம்தான் வேண்டும்.

படித்தவள் செய்வதைத்தான் நானும் செய்தேன். மனு எழுதினேன். "பயணிகளின் பாதுகாப்பைக் கருதி, நிழற்குடையில் நிறுத்தப்பட்டுள்ள சைக்கிள்கள் உடனடியாக அகற்றப்பட வேண்டும்" என்று நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, அதற்குரிய அலுவலகத்தில் கொடுத்தேன். மதினியிடம்கூடச் சொல்லவில்லை. மனுவெல்லாம் எங்கே படிப்பார்கள் என்று சிரிப்பார் என நினைத்தேன்.

படித்தார்கள். இரண்டு நாளில் செய்தும் விட்டார்கள்.

அன்று ஒன்றரைக்கு நான் போனபோது நிழற்குடை காலி. பெஞ்சில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி பஸ் கொஞ்சம் ஓரமாகவே வந்தது. யாழினி இறங்கி நேராக நிழலுக்கு வந்தாள். என் மனுவால் நடந்த காரியம் என்று உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை! அஞ்சலை மட்டும் போண்டா போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். "லாரி வந்துச்சும்மா. பூட்டோட தூக்கிப் போட்டுகினு போய்ட்டாங்க. நான் எத்தினி கத்தியும் கேக்கல. இப்ப வேன் வந்தா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மனுவில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ரெண்டே காலுக்கு வேன் வந்தது. முகமெல்லாம் மண்ணும் வியர்வையுமாக இறங்கியவர்கள், காலி நிழற்குடையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஒருவர் உள்ளே போய்ப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், சைக்கிள் அங்கே ஒளிந்திருக்கும் என்பதுபோல. வேலாயுதம் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், அஞ்சலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சரி, நடப்போம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் ஊர் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

நான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். சைக்கிள்கள் பின்னால் இருந்த யார்டில் இருந்தன. உரியவர் நேரில் வர வேண்டும், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் உரியவர்கள் எல்லாரும் சுரங்கத்தில் இருப்பார்கள். "வேற ஆள் வரலாமா?" என்றேன். "உரியவர் கையெழுத்துப் போட்டு, வண்டியோட அடையாளம் எழுதின கடிதம் இருந்தா வரலாம்" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "முதல்ல அந்த ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் எங்கிட்ட அழலாம்" என்றார்.

அன்று வேன் வந்தபோது நிழற்குடைக்குள் நான் எழுந்து நின்றேன். "சைக்கிளை எடுக்கச் சொல்லி எழுதினது நான்தாங்க" என்றேன்.

வேலாயுதம் சொன்னார்: "ரெண்டு வருசமா இந்த ஸ்டாப்புக்கு ஒரு லைட்டு கேட்டுகினு இருக்கோம். அது வரல. நீங்க எழுதினா லாரியே வருது. கொடுத்து வச்ச கையிங்க."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எம்பொண்ணு டென்த்து படிக்குது. நான் வூட்டுக்குப் போனப்புறம் அந்த வண்டிலதான் அது ட்யூஷன் போவும். நேத்து போவல. இன்னிக்கும் போவாது. உங்க பொண்ணுக்காக எழுதினீங்க, சரி. எம்பொண்ணு இன்னா பண்ணும்?"

அந்தப் பத்தொன்பது சைக்கிளும் வீட்டுக்குப் போன பிறகு வேறு யாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு எங்கெல்லாம் போகின்றன என்று நான் நினைத்துப் பார்த்ததேயில்லை. "என் தப்புதாங்க. நாளைக்கு நான் கொண்டுவந்து தர்றேன். ஒவ்வொருத்தரும் வண்டி அடையாளம் மட்டும் சொல்லுங்க" என்று பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"எழுதறதை வுட மாட்டீங்க போல" என்றார் பின்னாலிருந்த ஒருவர். ஆனாலும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பச்சைத் துணி உறை போட்ட சீட்டு. பெல்லில் முருகர் ஸ்டிக்கர். கேரியரில் வாழை நார் சுற்றியது. பெடல் ஒன்று மரத்தில் செய்தது. "என் வண்டிக்கு அடையாளமே இல்லீங்க, எல்லாம் துரு" என்றவருக்கு, "அதான்யா அடையாளம்" என்றார் பக்கத்திலிருந்தவர். வேலாயுதம் கடைசியாக வந்தார். "பின் மட்கார்டுல 'கோகிலா'ன்னு எழுதியிருக்கும்" என்றார். பத்தொன்பது கடிதம், பத்தொன்பது கையெழுத்து. அந்த மனுவைவிட இவற்றை மெதுவாக எழுதினேன், ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. நான், யாழினி, டூட்டி முடித்த யூனிஃபார்மோடு மதினி, கடையை அப்படியே போட்டுவிட்டு அஞ்சலை, நாலு பேரும் போனோம். மேஜைக்காரர் எல்லாக் கடிதங்களையும் படித்தார். "எடுக்கச் சொல்லி எழுதினதும் நீங்கதான், குடுக்கச் சொல்லி எழுதுறதும் நீங்கதானா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

யார்டில் இருந்த காவலர் வடநாட்டுக்காரர், இந்தி மட்டும்தான். எனக்கு அவ்வளவாக வராது. மஸ்கட் பள்ளியில் இந்தி படித்த யாழினி முன்னால் போனாள். அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இதையெல்லாம் எண்ணி எண்ணி ஒப்படைக்கிறாராம். ராஜாவோட குதிரை மாதிரி பாத்துக்கறாராம். தயவுசெஞ்சு சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கங்கறார்." அவள் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு அடையாளமாக இந்தியில் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து நிறுத்தினார். முருகரை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "மயில்மேல உக்காந்த சாமி" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்று பெண்கள், பத்தொன்பது சைக்கிள். சாவி உரியவர்களிடம் இருந்ததால் பின்சக்கரம் பூட்டியேதான் இருந்தது. இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் தூரம். நான் ஒன்றைப் பின்பக்கம் தூக்கி நாலடி நடந்து மூச்சு வாங்கி நின்றேன். ரோட்டோரப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காண்ட்ராக்ட் பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். அஞ்சலை ஒரு சத்தம் போட்டார். "ஏய் வள்ளி! வேலாயுதத்தோட வண்டிடி! ஆளுக்கு ஒண்ணு தூக்குங்க!" டீ நேரம்தான், எட்டுப் பேர் வந்தார்கள். கேரியரைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு, சேலை தடுக்க, சிரிப்பும் திட்டுமாகப் போனோம். காவலரும் வாசல்வரை ஒன்றைத் தூக்கிவந்து கொடுத்தார். இரண்டு நடை. மதினி வழியெல்லாம் "நைட் டூட்டி முடிச்சவளுக்கு இது தேவையா" என்றபடியே, மற்றவர்களைவிட வேகமாக நடந்தார்.

நிழற்குடைக்கு வந்ததும் அஞ்சலை பழக்கத்தில் எல்லாவற்றையும் உள்ளேயே அடுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து பட்டது போதும். மறுபடி பெஞ்சில் சைக்கிள்கள். டிக்கெட் என் பையில் இருந்தது, அடுத்த சனிக்கிழமைக்கு. போய்விடலாம் என்று அப்போது முடிவே செய்துவிட்டேன்.

ரெண்டே காலுக்கு வேன் வந்தது. ஒவ்வொருவரும் தன் வண்டியைத் தடவிப் பார்த்தார்கள். வேலாயுதம் பூட்டைத் திறந்தார், ஆனால் ஏறவில்லை. என்னிடம் வந்து, "பாப்பா எங்க எறங்கும்?" என்று கேட்டார்.

யாழினி போய் நின்று காட்டினாள். பஸ் எங்கே நிற்கும், வண்டிகள் எந்தச் சந்தில் வரும் என்று கையை நீட்டிச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அந்தச் சந்துப் பக்கமே பார்த்தார். "நானும் செகண்ட் ஷிஃப்டு போறப்ப இதுல பூந்துதான் போவேன்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், நிழற்குடைக்கு முன்னால் பஸ் வரும் பக்கமாக, தார் ரோடு மண்ணோடு சேரும் இடத்தில் குறுக்கே நிறுத்தினார்.

"டேய், உங்க வண்டிய எல்லாம் இதே மாதிரி போடுங்க. இப்ப எவன் உள்ள பூறுறான் பாப்போம்."

பத்தொன்பதும் வரிசையாக நின்றபோது அது ஒரு வேலிபோல இருந்தது. இடது பக்கம் நுழைய வழியே இல்லை. மோட்டார் சைக்கிளானாலும் பஸ்ஸுக்கு வலது பக்கமாகத்தான் சுற்றிப் போக வேண்டும்.

"வெயில்?" என்றார் அஞ்சலை. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற தோட்டப் பெண்கள், நர்சரியில் கிழிந்து தூக்கிப்போட்ட பச்சை வலை கிடக்கிறது என்றார்கள். அதை நிழற்குடைத் தூணிலிருந்து வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். அஞ்சலை தன் ஸ்டவ்வை அந்த வரிசையின் தலைமாட்டுக்கு மாற்றிக்கொண்டார். அங்கிருந்து வண்டியையும் பார்க்கலாம், வருகிறவனையும் அதட்டலாம்.

எனக்கு உடனே கவலை. "இப்படியெல்லாம் கட்டலாமா? அனுமதி வாங்கணுமில்ல? நான் வேணா..."

"அம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் வேலாயுதம். "தயவு செஞ்சு யாருக்கும் எழுதிடாதீங்க."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை நிழற்குடைக்குள் நின்று பார்த்தேன். பெஞ்சில் மக்கள். பஸ் ஓரத்துக்கு வந்தது. வேகமாக வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வழக்கம்போல இடது பக்கம் திருப்பி, சைக்கிள் வரிசையைக் கண்டு பிரேக் பிடித்து, "எவன்டா இங்க போட்டது?" என்றார். "நாந்தான்டா போட்டேன், சுத்திகினு போ" என்றார் அஞ்சலை கரண்டியைக் காட்டி. யாழினி படியிலிருந்து நேரே நிழலுக்கு இறங்கினாள். சங்கு ஊதும்வரை போண்டா தின்றாள். பிறகு காலி ரோட்டை இருவரும் கடந்தோம்.

செவ்வாய்க்கிழமை நான் எதிர்ப்பக்கம் நின்றேன். புதன்கிழமை குவார்ட்டர்ஸ் கேட்டில். வியாழக்கிழமை போகவேயில்லை, சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மதினி எனக்கு உரிக்க வெங்காயம் கொடுத்தார், பிறகு இன்னும் கொடுத்தார். இரண்டு மணி பன்னிரண்டுக்கு யாழினி வந்து செருப்பைக் கழற்றினாள். "ஏன் இவ்வளவு வெங்காயம்?" என்றாள்.

அன்று சாயங்காலம் என் கணவரை போனில் கூப்பிட்டு, டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். நான் தப்பு செய்கிறேனா என்று கேட்டேன். "தெரியல. ஆனா நீ பாத்துட்டுதான் சொல்ற. நான் இங்கேர்ந்து சொல்றேன்" என்றார். பிறகு யாழினியிடம் கொடுக்கச் சொன்னார். அவள் அரை மணி நேரம் பேசினாள், பெரும்பாலும் சைக்கிள்களைப் பற்றி. அவருக்கு இந்த ஊரின் ஒவ்வொரு ரவுண்டானாவும் தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலையிடம் ஒரு பழைய போன் இருந்தது. "பாப்பா அந்தாண்ட போய்ச் சேந்தவொடனே ரெண்டு ரிங்கு வுட்டு கட் பண்றேன். நீங்க எடுத்துடாதீங்க, காசு பூடும்" என்றார். இதைக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை, அவராகவே சொன்னார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை விருத்தாசலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வகுப்பில் போன் வைத்திருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் விதியை மீறுகிறவள் இல்லை. ஆனாலும் வருகைப் பதிவேட்டுக்கு அடியில், ஒலியை அணைத்து அதிர்வில் வைத்திருந்தேன். ஆறாம் வகுப்பு, பின்னங்கள். இரண்டு மணிக்குக் கணக்கு எழுதிப்போட்டேன். இரண்டு ஐந்து. அஞ்சலை இன்று கடை போட்டிருக்கிறாரா? இரண்டு எட்டு. வேறு யாராவது வரிசையைக் கலைத்திருந்தால்? இரண்டு பத்துக்கு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அழித்தேன். இரண்டு பதினொன்று.

பதிவேடு மேஜைமேல் லேசாக நடுங்கியது. இன்னொரு தடவை. பிறகு நின்றுவிட்டது.

அதன்மேல் கையை வைத்தபடியே நின்றேன். "மிஸ், அடுத்த கணக்கு?" என்றாள் முதல் பெஞ்சில் ஒருத்தி. எழுதினேன்.